மேல் வரம்பு

களக்காடு ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
வேட்புமனு வாரத்தில் மின்விசிறிக்கும் ஓய்வில்லை.
பாரம் நிரப்ப முப்பது ரூபாய்,
நகல் ஒன்றுக்கு இரண்டு.
யோசனை இலவசம்; அதை யாரும் கேட்பதில்லை.

பதினொன்றரைக்குப் பூலுடையார் வந்தார்.
மகன் காரை வேம்படியில் நிறுத்தி
கதவைத் திறந்து,
காலைத் தூக்கி வெளியே வைத்து,
வேட்டியைச் சரிசெய்து
நிமிர்த்தி அனுப்பினான்.
நாலு முறை எங்கள் பிரசிடெண்டு.
ஐந்தாவது முறைக்கு
என் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.

"வயசு எத்தன போடணும், பிள்ள?"

அடையாள அட்டையில் எழுபத்தாறு.
அவர் தங்கச்சிக்கு எழுபத்தொன்பது.
சட்டத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை.
இருபத்தொன்றுக்குக் குறையக் கூடாது,
அவ்வளவுதான்.
கீழ் வரம்பு கட்டியவர்கள்
மேல் வரம்பு கட்டாமல் போய்விட்டார்கள்.
வயல் வைத்திருப்பவருக்குத் தெரியும்:
மேல் வரம்பு இல்லையென்றால்
நம் வயலில் நிற்பது மேல்வயல்காரன் தண்ணீர்.

ரேஷன் கடை மிஷின்
மூன்று மாதமாக இவர் விரலை ஏற்கவில்லை.
ரேகை தேய்ந்துவிட்டதாம்.
கையெழுத்து ஒத்துவராமல்
குப்பைவண்டிக்காரி சம்பளக் காசோலை
பேங்கிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்தது.
கிராமசபையில் தூங்கினார்.
விழித்ததும் "நிறைவேத்தியாச்சு" என்றார்.
எதை என்று மகன்தான் அப்புறம் எழுதிக்கொண்டான்.

ஆனால் பச்சையாறு கரை உடைத்த ராத்திரி
எந்த மடையை அடைக்க, எதைத் திறக்க என்று
இன்ஜினீயர் டார்ச்சோடு முழித்தபோது
காய்ச்சலில் கிடந்தபடியே சொன்னவரும் இவர்தான்:
"கருப்பன் மடையத் தொறந்து விடுங்கல,
வாழ போனா போவட்டும்."
போனது இவருடைய வாழை.
முந்நூறு ஏத்தன், தார் தள்ளுகிற பருவம்.
என் வீட்டுச் சுவர் நின்றது.

அதற்காகத்தான் போன முறை இவருக்குப் போட்டேன்.
நன்றிக்கு ஓட்டுப் போடலாமா?
ஐந்து வருஷமாக யோசிக்கிறேன்.
எங்கள் தெருவிளக்கு எரியாத ஐந்து வருஷம்.

காலை பத்துக்கே முப்பிடாதி வந்துபோயிருந்தாள்.
முப்பத்தொரு வயது,
பீடிக்கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
இடுப்பில் பிள்ளை,
பையில் கலெக்டருக்குப் போட்ட மனுக்களின் ரசீது.
எந்த மடை எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.
தெரியாது என்று அவளே சொன்னாள்.
முன்மொழிபவர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது இவர்
அதே இடத்தில் விரலை வைத்து,
"இதுல நீயே போட்டுரு.
நம்ம ஊர் ஓட்டுதான உனக்கு?"

"அண்ணாச்சி, இன்னொருத்தருக்குப் போட்டுட்டேன்."

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரமநாயகம் மவளுக்கா?"
"ம்."
"கெட்டிக்காரி" என்றார்.
கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் எதுக்கு அண்ணாச்சி என்று
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நாலு மணிக்கு மருமவ காப்பி தருவா.
அதுக்குப் பொறவு ராத்திரி வரைக்கும்
எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ.
பிரசிடெண்டுன்னா,
பல்பு போயிட்டுன்னாவது கேப்பாவல்லா?"

கேட்டோம் அண்ணாச்சி.
ஐந்து வருஷம் கேட்டோம்.
வாய்வரை வந்ததை
அட்டையோடு சேர்த்து மிஷினுக்குள் வைத்து மூடினேன்.

டோனர் தீர்கிற நேரம். முகம் கறுப்பாக விழுந்தது.
"இது யாரு?" என்றார்.
கேலியா, நிஜமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இருபது வருஷமாக
"கணக்குல எழுது" என்று எழுந்து போகிறவர்
பையைத் துழாவி
முப்பத்தி நாலு ரூபாயை எண்ணி மேஜையில் வைத்தார்.
சில்லறைகூடச் சரியாக இருந்தது.

மகன் ஹாரன் அடித்தான்.
படியில் ஒரு காலும் கடையில் ஒரு காலுமாக
நின்று திரும்பினார்:

"வாபஸ் வாங்கக் கடைசி நாள் என்னைக்கு, பிள்ள?"